பரளச்சி பஸ்ஸும் நாலு இழுப்பறை அலமாரியும்

ஒரு முறை என் மேல் இருநூற்றுச் சொச்சம் பேர் மொத்தமாக விழுந்திருக்கிறார்கள். அடிபட்டது எனக்கு மட்டும்தான். அவர்கள் எல்லோரும் கோப்புகளாக இருந்தார்கள்.

வெட்கத்தை விட்டு விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டைக்கு வெளியே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்த ஒரு நூற்பாலையில் முப்பத்தோரு வருஷம் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். தொழிலாளி எப்போது வந்தார், எப்போது போனார், என்ன வயது, யார் வாரிசு என்பதற்கெல்லாம் காகிதம் வைத்திருக்கிற இடத்துக்குப் பெயர் டைம் ஆபீஸ். நான் சேர்ந்த மூன்றாம் வருஷம், கோப்புகளைத் தொங்கவிடுகிற நாலு இழுப்பறை இரும்பு அலமாரி ஒன்று வந்து இறங்கியது. ஒரு வாரம் உட்கார்ந்து அத்தனை கோப்புகளையும் மாட்டி முடித்தேன். முடித்த கையோடு, என் கைவண்ணத்தை ஒரே பார்வையில் பார்த்துவிட ஆசைப்பட்டு நாலு இழுப்பறைகளையும் ஒரே நேரத்தில் கடைசிவரை இழுத்தேன். நான் பௌதிகத்தில் பட்டம் வாங்கியவன். ஈர்ப்பு மையம் பற்றிய பத்து மதிப்பெண் கேள்விக்குப் படம் வரைந்து பதில் எழுதியவன். அலமாரி அந்தப் பதிலை எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டியது.

சத்தம் கேட்டு மேலதிகாரி ராஜாமணி சார் வந்தார். அலமாரியையும் அதற்கு அடியில் தெரிந்த என் செருப்புகளையும் பார்த்தார். ஆள் விட்டுத் தூக்கி நிமிர்த்தச் சொன்னார். பிறகு குனிந்து ஒவ்வொரு இழுப்பறையாக ஆராய்ந்து, “ஒரு கொக்கிகூட கழலல, பாத்தீரா? நல்ல சாமான்” என்றார். என் முட்டியைப் பற்றி மறுநாள் விசாரித்தார்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் நிவேதா என்ற பெண். மில்லில் இப்போது பெர்சனல் டிபார்ட்மெண்ட் என்று சொல்வதில்லை, எச்.ஆர். என்கிறார்கள். அதில் அவர் வேலை பார்க்கிறார். போன மாதம் போன் செய்தார். பழைய கோப்புகளை எல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம். “சார், இது எந்த ஆர்டர்லயும் இல்லையே சார். நம்பர்ப்படியும் இல்ல, பேர்ப்படியும் இல்ல. யாரோ குலுக்கிப் போட்டாப்புல இருக்கு” என்றார்.

முப்பத்தோரு வருஷ உழைப்பை இரண்டே வார்த்தையில் ‘குலுக்கிப் போட்டது’ என்று சொன்னால் மனிதனுக்கு வலிக்காதா? “அம்மா, அது பஸ் வரிசை” என்றேன். “பஸ் வரிசையா?” என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு, “எழுதித் தர்றீங்களா சார்?” என்றார். ஒரு பக்கம் கேட்டார். ஓய்வு பெற்றவனிடம் ஒரு பக்கம் கேட்பது ஆபத்து என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் அலமாரி கிடையாது, கம்பிதான். உத்தரத்திலிருந்து ஒரு கொக்கிக் கம்பி தொங்கும். அதன் அடியில் வட்டமாக ஒரு மரக்கட்டை. விடுப்புக் கடிதமோ, மருத்துவச் சீட்டோ, கல்யாணப் பத்திரிகையோ, எது வந்தாலும் நடு வயிற்றில் குத்தி ஏற்றிவிட வேண்டியது. கம்பி நிறைந்ததும் உருவிக் கட்டி, துணியில் சுற்றிப் பரணில் போடுவோம். பயிற்சி என்று எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம்: “தேதி தெரியிற மாதிரி குத்து.”

செப்பேடுகளை வளையத்தில் கோத்ததும், ஓலைகளைத் துளையிட்டுக் கயிற்றில் கட்டியதும் நம் முன்னோர்தான். ஆவணத்தைத் துளைப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் அவர்கள் துளைக்கு இடம் விட்டுவிட்டு எழுதினார்கள். நாங்கள் எழுதியதற்கு அப்புறம் குத்தினோம். நாகரிகம் அந்த அளவுக்கு முன்னேறியிருந்தது.

ராஜாமணி சார் பெர்சனல் மேனேஜராக வந்த முதல் நாள் அந்தக் கம்பியைத்தான் முதலில் பார்த்தார். தணிந்த குரல்காரர். கையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் ஸ்கேல் இருக்கும். ஆளைக் கூப்பிட, வரியைக் காட்ட, விசிறிக்கொள்ள, முதுகு சொறிய எல்லாவற்றுக்கும் அதுதான். கம்பியில் தொங்கிய ஒரு சான்றிதழை ஸ்கேலால் தூக்கி, துளை வழியாக என்னைப் பார்த்தார். அடுத்த மாதம் அலமாரி வந்தது.

தொங்கும் கோப்பு என்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. தடித்த அட்டை, நடுவில் மடிப்பு. இரண்டு மேல் விளிம்பிலும் தகட்டுக் கம்பி, அதன் நுனிகளில் கொக்கி. இழுப்பறையின் இரு பக்கமும் ஓடுகிற தண்டவாளத்தில் அந்தக் கொக்கி உட்கார்ந்துகொள்ளும். கோப்பு தரையைத் தொடாது, ஒன்றின் மேல் ஒன்று படுக்காது, தள்ளினால் நகரும். மேலே ஒரு பிளாஸ்டிக் சன்னல், அதற்குள் பேர்ச்சீட்டு. கறையானுக்கும் எட்டாது. எங்கள் ஊரில் பாதி வரலாறு கறையான் வயிற்றில்தான் இருக்கிறது என்பதால் இது பெரிய விஷயம்.

சார் வைத்த விதிகள் கொஞ்சம்தான். வயதுச் சான்றைத் துளைக்கக் கூடாது, தனி உறையில் போட வேண்டும். ஒரு சமயம் ஒரே இழுப்பறைதான் திறக்க வேண்டும் (இது என் சம்பவத்துக்குப் பிறகு வந்த விதி). கோப்பை வெளியே எடுத்தால் அந்த இடத்தில் மஞ்சள் அட்டை ஒன்றைத் தொங்கவிட வேண்டும், யார் கொண்டுபோனார், எங்கே போயிருக்கிறது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, கேட்ட கோப்பு பத்து எண்ணுவதற்குள் அவர் கைக்கு வர வேண்டும். அவரே எண்ணுவார். வாய்க்குள்ளேயே, அவசரமில்லாமல், ஸ்கேலால் உள்ளங்கையில் தட்டிக்கொண்டு. அதட்டுகிற அதிகாரியைத் தாங்கிவிடலாம். எண்ணுகிற அதிகாரியைத் தாங்குவது கஷ்டம்.

இந்தப் பத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அகர வரிசையில் மாட்டினேன். ஓர் இழுப்பறை முழுக்க முத்துலட்சுமிகள். இன்னொன்றில் பாண்டியம்மாள்களும் மாரியம்மாள்களும். சார் நாற்பது வரை எண்ணினார். ஒவ்வொரு தொழிலாளிக்கும் மில் கொடுத்திருந்த டோக்கன் எண்படி மாற்றி மாட்டினேன். டோக்கன் எண்ணை யாரும் மனசில் வைப்பதில்லை, அது அட்டையில் இருக்கும். அட்டையைத் தொலைத்தவர்தான் எங்கள் ஜன்னலுக்கே வருவார்.

ஆனால் ஜன்னலுக்கு வருகிற எல்லோரும் தங்களைப் பற்றி ஒரு விஷயத்தை மட்டும் கேட்காமலே சொல்வார்கள். “பரளச்சி பஸ்ஸு முத்துலட்சுமி சார். ரேஷன் கடை ஸ்டாப்பு.”

மில் பஸ் நாலு திசைக்கும் போய் ஆள் ஏற்றி வரும். பரளச்சி பஸ், திருச்சுழி பஸ், பாலவனத்தம் பஸ், பந்தல்குடி பஸ். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஓர் இழுப்பறை என்று வைத்தேன். உள்ளே, பஸ் எந்த ஸ்டாப்பில் முதலில் ஆள் ஏற்றுகிறதோ அந்த ஸ்டாப் முன்னால். இழுப்பறையை இழுத்தால் பரளச்சியில் ஏறி, ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கு விலக்காக நின்று, கடைசியில் மில் வாசலில் இறங்கலாம். சாரிடம் சொன்னபோது ஸ்கேல் தட்டுவதை நிறுத்தினார்.

“பஸ்ஸு ரூட்டு மாறுனா?”

“ஃபைலும் மாறும் சார்.”

“ஆளு பஸ்ஸு மாறுனா?”

“ஃபைலும் மாறும் சார்.”

“செய்யும். ஆனா மாறுனதுக்கு எழுத்து வேணும்.”

அன்றிலிருந்து அவர் ஏழுக்கு மேல் எண்ணியதில்லை. ஒருவர் பஸ் மாறினால் அதற்கென்று வைத்த நோட்டில் எழுதி, கோப்பைப் புதிய இழுப்பறையில் தொங்கவிட்டு, பழைய இடத்தில் மஞ்சள் அட்டை வைப்பேன். ஒரு வருஷம் கழித்து அட்டையை எடுத்துவிடுவேன். சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு? அந்தக் காலத்தில் அப்படி வந்தவர்கள் அதிகாரிகள் மட்டும்தான். அவர்களுக்கு அலமாரிக்குப் பக்கத்தில் தனியாக ஒற்றை இழுப்பறைப் பெட்டி ஒன்று. பிற்பாடு யாரோ யாருடைய ரகசியக் குறிப்பையோ எட்டிப் பார்த்துவிட்டார் என்று அதற்குப் பூட்டுப் போட்டு, சாவியைச் சாரே வைத்துக்கொண்டார்.

இப்போது பேச்சியம்மாள் கதைக்கு வருகிறேன்.

பேச்சியம்மாள் கோன் வைண்டிங்கில், அதாவது நூலைக் கூம்புகளில் சுற்றுகிற பகுதியில் வேலை. நான் மில்லில் சேரும் முன்பே சேர்ந்தவர். அவருடைய ஓரகத்தி, அதாவது புருஷனின் தம்பி பெண்சாதி, செல்லத்தாய். அவரும் அதே பகுதி. இரண்டு பேர் ஊரும் ஒன்றே, வீடும் பக்கத்து வீடு. ஊர் பரளச்சி பஸ் போகும் ரோட்டை ஒட்டி இருக்கிறது. பின்பக்கம் கண்மாயைக் குறுக்கே கடந்து ஒரு மைல் நடந்தால் திருச்சுழி பஸ் போகும் ரோடு. இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனால் பேச்சியம்மாள் கண்மாயைக் கடந்து திருச்சுழி பஸ்ஸில் வருவார். பேச்சு வந்துவிட்டால் பரளச்சி பஸ்ஸுக்குத் திரும்புவார். கண்மாயில் தண்ணீர் கிடந்தால் இந்த ரோஷத்துக்கு வழியே இருந்திருக்காது. எங்கள் பக்கம் கண்மாயில் தண்ணீர் இருப்பது அபூர்வம் என்பதால் ரோஷத்துக்கு ரோடு எப்போதும் திறந்தே கிடந்தது. அவர்கள் வீட்டில் சண்டை வந்தால் என் ஆபீஸில் கோப்பு ஊர் மாறும்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்து வருஷம் முன்பு, ஐம்பத்தெட்டு வயது முடிந்து அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறவர்கள் பட்டியல் வந்தது. அதில் பேச்சியம்மாள் பேர். பழைய பேரேட்டில் வயது எழுதியவர் மில் டாக்டர். வேலைக்குச் சேருகிறவர்களை வாயைத் திறக்கச் சொல்லி, பல்லைப் பார்த்து வயது போடுவார். காட்டு வெயிலில் களையெடுத்து வந்த முகத்துக்கு அவர் தாராளமாகவே போட்டிருந்தார்.

பேச்சியம்மாள் ஷிப்டு முடிந்து ஜன்னலுக்கு வந்தார். “சார், எனக்கு இன்னும் நாலு வருசம் கெடக்கு. சேரயிலயே பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டு குடுத்திருக்கேன். என் ஃபைல எடுத்துப் பாருங்க.”

பள்ளிச் சான்று இருந்தால் டாக்டர் கணக்கு செல்லாது, அது மில் விதி. சான்று இல்லாவிட்டால் பேரேடுதான் பேசும். அவர் படித்த பள்ளிக்கூடத்திலேயே கேட்கலாம் என்றால், அந்தப் பழைய பதிவேடுகள் கறையானுக்குப் போய்விட்டன. என்னிடம் இருக்கிற அந்த ஒரே தாளில்தான் அவருக்கு நாலு வருஷம் இருந்தது. சின்ன மகள் மதுரையில் நர்ஸிங் இரண்டாம் வருஷம்.

பரளச்சி இழுப்பறையை இழுத்தேன். இல்லை. திருச்சுழியை இழுத்தேன். அங்கேயும் இல்லை. மஞ்சள் அட்டையும் இல்லை. சார் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் எண்ணவே இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

இரண்டு நாள் தேடினேன். நாலு பஸ்ஸையும் ஸ்டாப் ஸ்டாப்பாக நின்று பார்த்தேன். தொங்கும் கோப்பிலிருந்து தாள் நழுவினால் இழுப்பறையின் அடியில் கிடக்கும் என்று தரைத் தகடு வரை கையை விட்டுத் துழாவினேன். பஞ்சுத் தூசியும், ஒரு பல்லி முட்டையும், முன்பு எப்போதோ நான் தொலைத்த பேனா மூடியும் கிடைத்தன. ஒன்றை மட்டும் அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். வம்புக்காரனின் கோப்பு தொலையாது. மாதம் ஒரு மெமோவுக்காக அதைத் திறந்துகொண்டே இருப்போம். மெமோவே வாங்காமல் வேலை பார்த்தவருடைய கோப்பை யார் திறந்தார்கள்?

சனிக்கிழமை வந்தது. மாலைக்குள் சார் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டும். பேச்சியம்மாளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் தலைகுனிந்து நின்றேன்.

“வீட்ல உக்காருன்னா உக்காந்துருவேன் சார்” என்றார் பேச்சியம்மாள். குரல் உயரவில்லை. “இல்லாத வயசக் கூட்டி எழுதி உக்கார வச்சா உக்கார மாட்டேன்.”

சார் ஸ்கேலை வைத்து ஒரு தாளில் கட்டம் போட்டார். தேதி, காரணம், ஏறிய பஸ் என்று மூன்று பத்தி. “அம்மா, நீங்க எப்பப்ப பஸ்ஸு மாறுனீங்கன்னு வரிசையாச் சொல்லுங்க. மொத சண்டை எதுக்கு?”

“சண்டையெல்லாம் இல்ல சார். பேச்சுவார்த்த இல்ல, அம்புட்டுத்தான்.”

சார் அப்படியே எழுதிக்கொண்டார்: பேச்சுவார்த்தை இல்லை, ஒன்று. காரணம், பஸ்ஸில் சீட்டுப் பிடித்து வைக்காதது. இரண்டு, காதுகுத்துக்கு நேரில் வந்து அழைக்காதது. மூன்றாவதற்கு வந்தபோது பேச்சியம்மாள் நிறுத்திக்கொண்டார். அதோடு சரி, வேறு ஒன்றும் இல்லை என்றார். கட்டம் நிரம்பவில்லை. என்னிடம் இருந்த பஸ் மாற்ற நோட்டில் இன்னொரு மாற்றம் இருக்க வேண்டிய பக்கத்தில் மை பரவிக் கிடந்தது. சார் செல்லத்தாயைக் கூப்பிட்டு வரச் சொன்னார்.

செல்லத்தாய் வந்து, இடுப்பில் கை வைத்து அந்தத் தாளை எட்டிப் பார்த்தார். அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவர். “கோழி வெவகாரத்த விட்டுட்டா பாருங்க சார். அதுதான் பெருசு.”

“அத எதுக்குடி ஆபீஸ்ல வந்து...”

“மறச்சா ஃபைலு கெடைக்காது, சொல்லிப்புட்டேன்.”

கோழி யாருடையது, யார் வீட்டு அடுப்பில் முடிந்தது என்பதைப் பற்றி இருவரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். அதை நான் இங்கே எழுதவில்லை. தீர்ப்பு இன்னும் வரவில்லை. சார் மட்டும் பொறுமையாக, “அது எந்த வருஷம்?” என்று கேட்டார்.

“கண்மாய் பெருகுன வருசம் சார்” என்றார் செல்லத்தாய்.

எங்கள் பக்கம் அதுதான் துல்லியமான தேதி. அப்படி ஒரு வருஷம் வந்தால் யாரும் மறப்பதில்லை. சார் ‘திருச்சுழி பஸ்’ என்று எழுதப் போனார். செல்லத்தாய் தடுத்தார்.

“அதெப்பிடி சார்? கண்மாய் நெறஞ்சு கெடக்கு. திருச்சுழி ரோட்டுக்கு இவ நீந்தியா போவா?”

“அப்ப எப்படிம்மா வந்தீங்க?”

பேச்சியம்மாள் தரையைப் பார்த்தார். “எங்க வீட்டுக்காரவுக மொபெட்ல கொண்டாந்து விட்டாக. ரெண்டு மாசம்.”

“நாங்க பஸ்ல போறப்ப முந்திக்கிட்டுப் போவா சார். போறவ சும்மா போவாளா? திரும்பிப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே போவா.”

மொபெட் என்றால் சொந்த வண்டி. சொந்த வண்டிக்கு என் விதியில் ஒரே ஓர் இழுப்பறைதான் உண்டு. நானே என் கையால் அங்கே தொங்கவிட்டிருக்கிறேன். கொஞ்ச நாளில் அதற்குப் பூட்டு வந்தது. கண்மாய் வற்றியது, பேச்சு வந்தது, பேச்சியம்மாள் பஸ்ஸுக்குத் திரும்பினார். கோப்பு திரும்பவில்லை. “சார், சாவி” என்றேன்.

சார் மேசையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு தானே எழுந்து போனார். இழுப்பறையை இழுத்தார். அதிகாரிகள் ஒவ்வொருவராக அவர் விரலில் நகர்ந்தார்கள். வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது உதட்டில் தெரிந்தது. ஏழில் கை நின்றது. ஃபேக்டரி மேனேஜருக்கும் ராஜாமணி சாருக்கும் நடுவில், பன்னிரண்டு வருஷமாக, கோன் வைண்டிங் பேச்சியம்மாள் தொங்கிக்கொண்டிருந்தார்.

உறையிலிருந்து சான்றிதழை சார் வெளியே எடுத்தபோது நான் பார்த்தது துளையைத்தான். கம்பிக் காலத்துத் தாள் அது. தாளின் நடுவே, துரு வளையத்தோடு, சுண்டு விரல் நுனி அளவுக்கு ஓட்டை. பேருக்கும் பிறந்த தேதிக்கும் நடுவில் போயிருந்தது. ஒரு நகக்கண் தள்ளிக் குத்தியிருந்தால் வருஷம் போயிருக்கும். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த யாரோ, தேதி தெரிகிற மாதிரி குத்தியிருக்கிறார்கள்.

சார் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தார். ஐம்பத்து நாலு. பட்டியலை எடுத்து, ஸ்கேலை வைத்து, பேச்சியம்மாள் பேரின் மேல் நேர்க்கோடு ஒன்று போட்டார். ஓரத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“திங்கக்கெழம வாரேன் சார்” என்றார் பேச்சியம்மாள்.

“வாங்க. இன்னும் நாலு வருஷம் வரணும்ல.”

செல்லத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நாலு வருசம் கம்மியா இவளுக்கு? அப்ப என்னய விட எளயவளா? இம்புட்டு நாளும் அக்கா அக்கான்னு கூப்பிட வச்சிருக்கா சார்” என்றார். பேச்சியம்மாள் அவர் தோளில் ஒன்று வைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போனார்கள்.

எனக்கு மனசு ஆறவில்லை. இரண்டு நாளாகக் குற்றவாளிக் கூண்டில் நின்றவனுக்கு விடுதலை கிடைத்தால் ஒரு சொற்பொழிவாவது ஆற்ற வேண்டாமா? பின்னாலேயே போய், பஸ் நிற்கிற இடத்தில் பேச்சியம்மாளைப் பிடித்தேன். அம்மா, உங்கள் கோப்பு தொலையவே இல்லை, அதைப் புரிந்துகொள்ள வேண்டும், நம்முடைய முறையில் ஒரு காகிதமும் தொலையாது, நீங்கள் எதில் வருகிறீர்களோ அங்கே உங்கள் கோப்பு இருக்கும், மொபெட்டில் வந்தீர்கள், மொபெட்டுக்கு உரிய இடத்தில் சரியாக இருந்தது என்று விளக்கினேன். பரளச்சி பஸ் வந்து நின்றது. பேச்சியம்மாள் முழுக்கக் கேட்டார். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னார்:

“அந்த மொபெட்ட வித்தே எட்டு வருசமாச்சு சார்.”